குப்பைக்குப் பொட்டு வைத்தது யார்?

அத்தியாயம் 3

"கையெழுத்து மட்டும் வாங்கிக் குடுத்துருங்க அம்மிணி. மத்ததை நான் பார்த்துக்கறேன்."

மயிலாத்தா நிட்வேர்ஸ் முதலாளி பொங்கியண்ணன் இதைச் சொன்னபோது குரலை உயர்த்தவே இல்லை. டீ கொண்டுவரச் சொல்லும் அதே குரல்தான். துப்பறியும் தரணிக்கு அதுதான் பிடிக்கவில்லை. கத்துகிற முதலாளிகளை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். மரியாதையாகப் பேசிக்கொண்டே ஒரு பெண்ணைப் போலீசுக்கு அனுப்பத் தயாராக இருப்பவரை இப்போதுதான் பார்க்கிறாள்.

"எந்தக் கையெழுத்துங்க?"

அவர் மேஜையில் ஒரு தாளை நகர்த்தினார். 'பழைய கம்ப்யூட்டர்களைக் கம்பெனிக்குத் தெரியாமல் நானே பழைய இரும்புக் கடைக்கு விற்றுவிட்டேன்' என்று டைப் அடித்திருந்தது. கீழே அனுசுயா என்ற பெயரும், அதற்கு மேலே கையெழுத்துக்கான இடமும் காத்திருந்தன.

"விசாரிக்கக் கூப்பிட்டீங்கன்னு நினைச்சேனுங்க. தீர்ப்பே எழுதி வெச்சிருக்கீங்க."

"படம் முடிஞ்சப்புறம் டிக்கெட் குடுக்காக அக்கா," என்றான் ராமர். தரணியின் உதவியாளன். சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். எங்கே பேசக்கூடாதோ அங்கே சரியாகப் பேசிவிடுவான்.

பொங்கியண்ணன் சிரிக்கவில்லை. பக்கத்தில் நின்ற அவருடைய அக்கா மகன் நித்தீஷும் சிரிக்கவில்லை. ஃபேக்டரி நிர்வாகம் முழுக்க நித்தீஷ் கையில். ஏசி ஓடும் அறையில் அவனுக்கு மட்டும் நெற்றி வேர்த்திருந்தது.

விஷயம் இதுதான். மயிலாத்தாவின் பனியன்களை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி, திருப்பூர் பாஷையில் 'பையர்', இந்த வருடம் ஒரு நிபந்தனை போட்டிருந்தது. ஆபீஸில் மின்சாரம் வீணாகக் கூடாது, கழித்த கம்ப்யூட்டர்களைக் கண்ட இடத்தில் போடக் கூடாது. பொங்கியண்ணன் அந்த வேலையை ஆபீஸ் நிர்வாகம் பார்க்கும் அனுசுயாவிடம் கொடுத்தார். அவள் அதை விரதம் மாதிரி எடுத்துக்கொண்டாள். கரண்டைக் குடிக்கும் பழைய பெட்டிகள் போய், மேஜை ஓரத்தில் அடங்கும் சின்னப் பெட்டிகள் வந்தன. ஆள் எழுந்து போனால் திரை தானாகத் தூங்கும். ஆளுக்கொரு பிரிண்டர் என்ற ஆடம்பரம் ஒழிந்தது. ஒவ்வொரு சுவிட்சுக்கும் பக்கத்தில் 'எழுந்தால் அணை' என்று பச்சை ஸ்டிக்கர். வெறும் சார்ஜரைச் சுவரில் தொங்கவிட்டுப் போன அக்கவுண்ட்ஸ்காரர்களோடு அவள் போட்ட சண்டை தனிக் கதை. பழைய பெட்டிகள் ஆடி மாதமே லைசென்ஸ் உள்ள மறுசுழற்சி கம்பெனிக்குப் போய்விட்டதாகப் பையருக்கு எழுதியும் கொடுத்தாயிற்று.

நேற்று ஒரு வீடியோ கிளம்பியது. முதலிபாளையத்தில் காலி இடம் ஒன்றில் தாமிரம் எடுப்பதற்காக யாரோ கம்ப்யூட்டரை எரிக்கிறார்கள். கரும்புகை பக்கத்து லைன் வீடுகளுக்குள் போகிறது. குழந்தைகள் இருமுகிற சத்தம் கேட்கிறது. எரியாமல் மிஞ்சிய தகட்டில் மயிலாத்தாவின் ஸ்டிக்கர் பளிச்சென்று தெரிகிறது. வாட்ஸ்அப் அதைப் பையர் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது.

"மத்தியானம் பையரோட ஆளு வராங்க," என்றார் பொங்கியண்ணன். "வெளியாளு விசாரிச்சு இன்னார்தான் தப்புப் பண்ணினதுன்னு ரிப்போர்ட் குடுத்துட்டா, விஷயம் அந்தப் புள்ளயோட போயிரும். கையெழுத்துப் போட்டா வேலை மட்டும் போகும். போடலீன்னா போலீசுங்க."

டீ கிளாஸை எடுத்தார். வலது மோதிர விரல் நுனி இல்லை. கட்டிங் மாஸ்டராக இருந்த காலத்தில் துணியோடு சேர்ந்து போனது. அந்த விரலைக் காட்டித்தான் புதிய ஆட்களுக்கு உழைப்பைப் பற்றிப் பேசுவார் என்று ஊரில் சொல்வார்கள்.

*

மீட்டிங் ஹாலில் அனுசுயா தனியாக உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் இல்லாத அறை. அவள் போனை காலையிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள்.

"எங்கம்மா கீழ டைலரிங் செக்‌ஷன்லதான் இருக்காங்க மேடம். செல்லத்தாய்னு பேரு. அவங்களுக்கு இன்னும் தெரியாது. தெரிஞ்சா நின்ன இடத்துலயே விழுந்துருவாங்க."

"பெட்டிங்களை யாருகிட்டக் குடுத்த கண்ணு?"

"கம்பெனி வேன்ல நானே ஏத்திவிட்டேன். நித்தீஷ் சார் கூடப் போனாங்க. ரீசைக்கிளிங் கம்பெனில இறக்கியாச்சுன்னு வந்து சொன்னாங்க. நான் அப்படியே எழுதிக் குடுத்தேன்."

"முதலாளி உன்னைத்தான சந்தேகப்படறாரு?"

"அவருகிட்ட யாரோ தப்பாச் சொல்லியிருப்பாங்க." அவள் முகத்தில் கோபமே இல்லை. "டைலர் பொண்ணை ஆபீஸ் சேர்ல உக்கார வெச்சவரு மேடம் அவரு. நேர்ல பேசினா புரிஞ்சுக்குவாரு. பேச விடத்தான் மாட்டேங்கறாங்க."

தரணி அந்த முகத்தை அளந்து பார்த்தாள். இந்தப் பெண் குற்றவாளியாக இருந்தால் நன்றாக நடிக்கிறாள். இல்லையென்றால் இந்தக் கட்டடத்தில் அவளுக்காகப் பேச ஒருவருமில்லை.

"நான் திரும்பி வர்ற வரைக்கும் எதுலயும் கையெழுத்துப் போட்டுறாத."

வெளியே வந்ததும் ராமர் கேட்டான். "ஏக்கா, இவ்வளவு பெரிய கம்பெனி. கோயமுத்தூர்ல கோட்டுப் போட்ட டிடெக்டிவ் எத்தனை பேரு இருக்காக. நம்மள எதுக்குக் கூப்பிட்டாரு?"

"நம்ம சைஸைப் பார்த்துத்தான்."

"அப்ப ஏமாந்துட்டாரு. நான் பார்க்கத்தான் ஒல்லி."

*

முதலிபாளையத்தில் ஆத்தப்பனின் பழைய இரும்புக் குடோன். வீடியோவில் புகை கிளம்பிய காலி இடம் அதற்கு நேர் எதிரே இருந்தது. பிளாஸ்டிக் எரிந்த நாற்றம் இன்னும் அடங்கவில்லை. லைன் வீடுகளின் கதவுகள் பட்டப்பகலில் சாத்தியிருந்தன.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க சாமி," என்று வரவேற்றார் ஆத்தப்பன்.

"நாங்க இன்னும் ஒண்ணும் கேக்கலியே?" என்றான் ராமர். "கேள்வித்தாள் முன்னாடியே வெளியாயிருச்சோ?"

தரணி அதற்குள் உள்ளே போய்விட்டாள். கழித்த மின்விசிறிகள், துருப்பிடித்த தையல் மிஷின் கால்கள், மூட்டை மூட்டையாகக் கட்டிங்கில் மிஞ்சிய துண்டுத் துணி. மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு கம்ப்யூட்டர் பெட்டி நின்றது. மயிலாத்தா ஸ்டிக்கர். எரிப்பதற்கு முன்னால் வீடியோ வந்துவிட்டதால் உயிர் தப்பியது. அவள் அதன் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். திருப்பியவள் அப்படியே குத்த வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"ராமரு, இங்க வா. இது என்ன?"

"பொட்டு. சந்தனம், நடுவுல குங்குமம்."

"குப்பைக்கு யாராச்சும் பொட்டு வைப்பாங்களா?"

ராமர் பெட்டியை உற்றுப் பார்த்தான்.

"இது வேலை செஞ்ச காலத்துல வெச்சதா இருக்கும்லாக்கா? போன வருச ஆயுத பூஜைக்கு?"

"மோந்து பாரு."

குனிந்து முகர்ந்தான். சந்தன வாசம் இன்னும் போகவில்லை. ஆயுத பூஜை முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

"சோறு போடற மிஷினுக்குத்தான் நம்ம ஊர்ல பொட்டு வைப்பாங்க," என்றாள் தரணி. "ஓடாத மிஷினைத் தொடைச்சுக்கூட வைக்க மாட்டாங்க. ஆடியிலயே செத்துப்போச்சுன்னு எழுதிக் குடுத்த பெட்டி, பூஜையன்னைக்கு எங்கயோ உசுரோட ஓடிட்டு இருந்திருக்குது. அப்புறம்தான் ரிப்பேராகி இங்க வந்திருக்குது."

பக்கவாட்டு மூடியைக் கழற்றச் சொன்னாள். உள்ளே இருந்த விசிறியில் பஞ்சுப் பிசிறு மெத்தை மாதிரி அப்பியிருந்தது. நல்ல ரோஸ் நிறம்.

"மயிலாத்தா ஆபீஸ் முழுக்கக் கண்ணாடி அறை, ஏசி. அங்க இருந்த பெட்டிக்குள்ள இத்தனை பிசிறு எப்படி வரும்? இது தையல் மிஷினுங்க ஓடற ஹாலுக்குள்ள இருந்திருக்குது. அந்த ஹால்ல ரோஸ் துணி தைக்கறாங்க."

எழுந்து மூட்டைகளைப் பார்த்தாள். வெள்ளை, கருநீலம், பாசிப்பச்சை. ஓர் ஓரத்தில் அதே ரோஸ் துண்டுகள் பிதுங்கும் ஒரு மூட்டை. பிசிறைக் கிள்ளி எடுத்து அதன் மேல் வைத்தாள். எது பிசிறு எது துணி என்று தெரியவில்லை.

"ஆத்தப்பண்ணா, இந்த மூட்டை எந்த ஷெட்டுல எடுத்தது?"

"அது வந்துங்க... நாலு எடத்துல எடுப்போம்..."

"எரிச்சது யாருன்னுதான் போலீஸ் முதல்ல கேக்கும். குழந்தைங்க இருமற சத்தம் வீடியோவுல நல்லாக் கேக்குதுங்க. நீங்க எனக்குச் சொன்னா நான் இப்பவே கிளம்பிருவேன். சொல்லலீன்னா அவங்க இப்பவே வருவாங்க."

ஆத்தப்பன் துண்டால் முகத்தைத் துடைத்தார். "ஆளை வெச்சு எரிச்சது தப்புத்தானுங்க. வயித்துப் பொழப்பு. இதே முதலிபாளையம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் கடைசிச் சந்துல போர்டு இல்லாத ஷெட்டு ஒண்ணு இருக்குதுங்க. துணியும் அங்கதான், பொட்டியும் அங்கதான் எடுத்தேன்."

தரணியின் போன் அடித்தது. பொங்கியண்ணன்.

"ஏனுங்க அம்மிணி, கையெழுத்து ஆச்சுங்களா? அவங்க கார் அவினாசி தாண்டியாச்சாம்."

"வந்துட்டே இருக்கேனுங்க."

*

போர்டு இல்லாத ஷெட்டுக்குக் கேட் இருந்தது, காவலுக்கு ஒரு வடநாட்டு ஆளும் இருந்தான். ராமர் அவனிடம் போய் வேலை கேட்டான்.

"டைலர்? சிங்கர் டைலரா?"

"சிங்கர்தான் பையா. பாட்டும் பாடுவேன், தையலும் தைப்பேன். யாரு முதலாளி?"

"நித்தீஷ் சாப்."

அந்தச் சின்ன இடைவெளியில் தரணி பக்கச் சுவரின் ஜன்னலை எட்டிவிட்டாள். உள்ளே வரிசையாகத் தையல் மிஷின்கள். வரிசை முழுக்க ரோஸ். முடித்த பனியன்களின் கழுத்தில் பையரின் லேபிள். பையருக்குத் தெரியாத ஷெட்டில் பையரின் துணி தைத்தால், ஆர்டர் மொத்தமும் ரத்து. திருப்பூரில் டீக்கடைக்காரருக்கும் தெரிந்த விதி அது. ஹாலின் கோடியில் மயிலாத்தா ஸ்டிக்கர் ஒட்டிய பழைய கம்ப்யூட்டர்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் முகத்திலும் பொட்டு.

போனில் படம் எடுத்தாள். பெரிதாக்கிப் பார்த்தாள். திரும்பி வரும்போது அவள் நடையில் வேகம் கூடியிருந்தது.

"கேஸ் முடிஞ்சுதுக்கா," என்றான் ராமர் வண்டியைக் கிளப்பிக்கொண்டே. "மாமனுக்கு மருமகன் நாமம் போட்டிருக்கான். தனியா ஷெட்டுப் போட்டு, மாமன் ஆர்டரை ரகசியமாத் தைச்சு, பழைய பெட்டியையும் ஓசியில கொண்டாந்துட்டான். மூஞ்சி வேர்த்தப்பவே நினைச்சேன்."

மயிலாத்தா இருக்கும் வீரபாண்டி வரும் வரைக்கும் தரணி அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். ராமருக்கு அது பயமாக இருந்தது. அக்கா பேசாமல் வந்தால் யாருக்கோ ஆபத்து என்று அவனுக்குத் தெரியும்.

*

மயிலாத்தாவின் போர்ட்டிகோவில் பையரின் கார் நின்றிருந்தது. வந்தவரைக் கீழே ஃபேக்டரியைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். தரணி படிகளில் ஏறி, ஆபீஸ் மேஜைகளுக்கு நடுவே நடந்தாள். ஒவ்வொரு புதுக் கம்ப்யூட்டரின் முன்னாலும் நின்று அதன் பொட்டைப் பார்த்தாள். பிறகு மீட்டிங் ஹால் கதவைத் திறந்தாள்.

அனுசுயா அதே நாற்காலியில் இருந்தாள். தாளும் பேனாவும் அவள் முன்னால் வந்திருந்தன.

"ஒரே ஒரு கேள்வி கண்ணு. ஆபீஸ்ல மிஷினுக்கெல்லாம் பொட்டு வெச்சது யாரு?"

"ஆயுத பூஜைக்கா? எங்க முதலாளிதான் மேடம்." அவள் முகம் அந்த நிலையிலும் கொஞ்சம் மலர்ந்தது. "வேற யாரையும் தொட விட மாட்டாரு. தன் கையால வெச்சாத்தான் மிஷின் ஒழுங்கா ஓடும்பாரு. மோதிர விரல் நுனி இல்லீல்ல, அதனால கட்டை விரல்லதான் வைப்பாரு. பெருசு பெருசா இருக்கும். நாங்ககூடச் சிரிப்போம்."

ராமர் தரணியின் கையிலிருந்த போனைப் பார்த்தான். ஷெட்டில் இருந்த பொட்டுகள் ஒவ்வொன்றும் அகலமாக, சப்பையாக, ஒரு கட்டை விரல் அளவில் இருந்தன.

கதவு திறந்தது. பொங்கியண்ணனும் நித்தீஷும் உள்ளே வந்தார்கள்.

"ஆச்சுங்களா? பையரோட ஆளு மேல வந்துட்டிருக்காங்க."

தரணி போனை மேஜை மேல் வைத்து அவர் பக்கம் தள்ளினாள்.

"ஷெட்டு நித்தீஷ் பேர்ல இருக்குதுங்க. பொட்டு உங்க விரல்ல இருக்குதுங்க."

அவர் குனிந்து படத்தைப் பார்த்தார். நிமிரவில்லை.

"மாமா, நான் அப்பவே சொன்னேன்..." என்று ஆரம்பித்த நித்தீஷ் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

யாரும் அசையவில்லை. அசையாத அறையைக் காலி அறை என்று நினைத்து விளக்குகள் அணைந்துவிட்டன. அனுசுயா செய்திருந்த ஏற்பாடு அது. இருட்டில் யாரோ வேகமாக மூச்சு விடுவது மட்டும் கேட்டது. அவள் பழக்கத்தில் கையைத் தூக்கி அசைத்தாள். வெளிச்சம் வந்தபோது பொங்கியண்ணன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"ஓடற மிஷினுங்க அம்மிணி," என்றார் தரணியைப் பார்த்து. "நல்லா ஓடற மிஷினை உடைச்சுப் போடுன்னா எப்படிங்க மனசு வரும்? ஒண்ணு ரெண்டு ரிப்பேராச்சு. ஷெட்டுல இருக்கறவனுங்க தூக்கிக் கடைக்குப் போட்டுட்டானுங்க. அது வீடியோவாகும்னு யாரு கண்டா?"

"ஒளிச்சு வெச்சது பொட்டியை மட்டுமில்லீங்களே. அந்த ஷெட்டை ஒளிச்சீங்க. அதுக்காக இந்தப் பொண்ணை நிறுத்தினீங்க."

அனுசுயா இன்னும் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேசியபோது அவள் குரல் ரொம்பச் சின்னதாக இருந்தது.

"காலையில என் போனை வாங்கினீங்களே சார். அப்பவே உங்களுக்குத் தெரியும்ல, நான் பண்ணலைன்னு?"

கம்பெனி கட்டி ஆண்ட மனிதர் அந்தக் கேள்விக்கு மேஜையைப் பார்த்தார். தரணிக்கு அவர் மேல் வந்த கோபத்தோடு ஒரு அருவருப்பும் சேர்ந்துகொண்டது.

"கண்ணு, கேளு." அவர் குரல் முதல் முறையாக உடைந்தது. "அந்த ஷெட்டு வெளிய தெரிஞ்சா ஆர்டர் மொத்தமும் போயிரும். கீழ இத்தனை பேரு இருக்காங்க, உங்கம்மாவும் இருக்காங்க. ஒரு கையெழுத்துதான் சாமி. போலீசுக்கெல்லாம் போக மாட்டேன். கொஞ்ச நாள் கழிச்சு உன்னைத் திருப்பி எடுத்துக்கறேன். உன்னைக் கைவிட மாட்டேன்."

அனுசுயா பேனாவை எடுத்தாள்.

"வேண்டாம் கண்ணு," என்றாள் தரணி. அதற்கு மேல் அவளால் எதுவும் செய்ய முடியவில்லை. பெயரும் அந்தப் பெண்ணுடையது, அம்மாவும் அவளுடைய அம்மா; முடிவு அவள் கையில். பேனா தாளுக்கு மேலே நின்றது. படியில் காலடிச் சத்தம் கேட்டது.

கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தவள் பையரின் ஆள் வர்ஷினி. கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட். அறையில் இருந்த முகங்களை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"ஆபீஸ் எனர்ஜி ப்ராஜெக்ட் யாருங்க பார்க்கறது?"

"நான்தான் மேடம்," என்று எழுந்தாள் அனுசுயா.

"மீட்டர் ரீடிங் எல்லாம் பார்த்தேன். ரொம்ப நல்லாப் பண்ணியிருக்கீங்க. அந்த வீடியோதான் புரியல. பழைய கம்ப்யூட்டர்ஸ் எங்க போச்சு?"

"மறுசுழற்சிக்குப் போயிருச்சுன்னு எழுதிக் குடுத்தது நான்தான் மேடம். நேர்ல போய்ப் பார்க்காம எழுதினேன். அது தப்பு."

நித்தீஷ் மூச்சை விட்டான். பொங்கியண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். அனுசுயா பேனாவை மூடித் தாளின் மேல் வைத்தாள்.

"எங்க இருக்குன்னு இப்பத்தான் எனக்கே தெரியும். நான் சொன்னா எங்க முதலாளியைக் காட்டிக் குடுத்த மாதிரி ஆயிரும். அவரே சொல்லுவாரு மேடம்."

சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் அவரை நேராகப் பார்த்தாள். இத்தனை வருடத்தில் அவர் முகத்தை அவள் அப்படிப் பார்த்ததே இல்லை.

வர்ஷினி அவர் பக்கம் திரும்பினாள். பொங்கியண்ணன் மெதுவாக எழுந்தார். மேஜையிலிருந்த தாளை எடுத்து இரண்டாகக் கிழித்தார்.

"முதலிபாளையத்துலீங்க," என்றார். "என்ற சொந்த ஷெட்டுல. இன்னும் ஓடிட்டுத்தான் இருக்குதுங்க. வாங்க, காட்டறேன்."